கருப்பராயன் முதலில் பார்த்த ஆள்

1974 சித்திரையில் கோவிந்தாபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறிய நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் பொள்ளாச்சியில் இறங்கினார்கள். சென்னிமலை மட்டும் தன் வீட்டு வாசலில் இறங்கினான். டிக்கெட் சரியாகத்தான் எடுத்திருந்தான். வண்டிப்பெரியாரில் தேயிலை ஃபாக்டரி வேலை அவனுக்காகக் காத்திருந்தது. காலில் சக்கரம் கட்டிய மனுஷன், சும்மா இருப்பானா? மறுநாள் லாரியில் போனான், அதற்கடுத்த நாள் சைக்கிளில், பிறகு நடந்தே போனான். எப்படிப் போனாலும் பொழுது சாய்வதற்குள் சொந்த வாசல் வந்துவிட்டது.

காரணம் அவன் பெண்சாதி மருதாத்தாளுக்குத் தெரியும். ஊர் எல்லைக்குக் களிமண் கருப்பராயன் செய்து சூளையில் சுடுகிறவள் அவள்தான். பிதுங்கிய கண், கடைவாய்ப் பல், நெஞ்சில் சூலம் எல்லாம் வீட்டிலேயே முடித்துவிடலாம். கருவிழியை மட்டும் எல்லையில் நிறுத்தி, ஊரைப் பார்க்கத் திருப்பிய பிறகே எழுத வேண்டும். முதலில் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் சாமி விடாமல் காக்கும். அந்த வருஷம் கோடைமழை திரண்டு வந்தது. நனைந்தால் மை ஒட்டாதே என்று அவசரப்பட்டு வாசலிலேயே எழுதிவிட்டாள். எதிரே மைக்கிண்ணத்தோடு நின்றது சென்னிமலை.

"ஏம்புள்ள, என்னையக் கட்டிப்போடத்தான அதுக்குக் கண்ணத் தொறந்த?" என்று கத்தினான்.

"ஐயோ, சாமி சத்தியமா இல்லீங்க!" என்றாள். ஆனால் அவன் திரும்பி வந்த முதல் நாள் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது உண்மை. அதை மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு.

ஆடி வந்தது. அவன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனான். உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மண்தரையில் பள்ளம் விழுந்தது. ஆளும் பாதியாகிவிட்டான். இப்படி ஒரு புருஷனைக் கூட வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? ஒரு காலையில் அவளே ஈரக் களிமண்ணோடு எல்லைக்குப் போய், கருப்பராயனின் இரண்டு கண்ணையும் அப்பி மூடினாள். அன்றைக்குப் பஸ் ஏறிய சென்னிமலை பொள்ளாச்சியில் இறங்கினான். ஊர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியது. பிறகு ஓர் ஆடுகூடக் காணாமல் போகாததைப் பார்த்து, கண்மூடிய சாமிக்கே பொங்கல் வைத்தது.

இரண்டு வருஷம் ஒரு கடுதாசியும் இல்லை. மூன்றாம் வருஷம் தையில், கோவிந்தாபுரத்திலிருந்து நடந்தே வந்து சென்னிமலை வாசலில் நின்றான். மருதாத்தாள் வாங்க என்றுகூடச் சொல்லாமல் எல்லைக்கு ஓடினாள். மூன்று மழைக்காலம் பார்த்த சுடாத மண், ஒரு பொட்டு உதிரவில்லை. கண் மூடியபடியே இருந்தது. யாரும் இழுத்து வரவில்லை, அவனாகத்தான் வந்திருக்கிறான்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், "கைகால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்" என்றாள்.