வண்டி தள்ளிய பிரயாணி

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பஞ்சநாதனின் பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வண்டியின் பின்புறத்தில் ஆள் உயர இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அடுப்புக்கரியைக் கொட்டி, அதிலிருந்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டினார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அடுப்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அந்த 1946ஆம் வருஷம் ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது. வண்டியால் யாருக்காவது உயிருக்கோ உடம்புக்கோ சேதம் வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஈடு கட்டும். இதைக் கேட்டதும் பஞ்சநாதனுக்கு ஆத்திரமாக வந்தது.

"வண்டி என்னுது. பணம் கட்டறவன் நான். ஈடு மட்டும் எவனோ ஒருத்தனுக்கா?" என்று கடைவீதியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

ஆனால் பணத்தைக் கட்டி, முத்திரை போட்ட சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் அவர் மனம் மாறிவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பஸ் ஆபீஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குச் சந்தனம் வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் டிரைவர் தர்மராஜ் வந்து நின்றான்.

"மொதலாளி, பிரேக்கு சுத்தமாப் பிடிக்கலங்க. மேட்டுல நிறுத்தினா வண்டி பின்னால போவுது."

"அதுக்குத்தானடா இன்சூரன்ஸ் கட்டியிருக்கோம்" என்றார் பஞ்சநாதன்.

சுவரில் தொங்கும் காகிதம் உருளுகிற சக்கரத்தை எப்படிப் பிடித்து நிறுத்தும் என்று தர்மராஜுக்குப் புரியவில்லை. சட்டம் புதுசு, நமக்கு என்ன தெரியும் என்று போய்விட்டான்.

ஆடி பிறந்து நல்ல மழை பெய்திருந்தது. வாலிகண்டபுரத்துச் சாமிக்கண்ணு சோளம் விதைக்கக் கொல்லையை உழுது போட்டுவிட்டு, அரியலூரில் பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்கக் கிளம்பினார். கூடவே மனைவி பாப்பாயி. கையில் ஒரு சாக்கு நிறையக் கேழ்வரகு. பெரம்பலூரில் பஞ்சநாதனின் பஸ்ஸில் ஏறினார்கள்.

பேரளி தாண்டி ஒரு மேட்டில் வண்டி இருமிக்கொண்டு நின்றது. அது வழக்கமாக நிற்கும் இடம்தான். தர்மராஜ் திரும்பிப் பார்த்து, "ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க. பொம்பளைங்களும் எறங்கிடுங்க, பாரம் கொறையட்டும்" என்றான். எல்லாரும் இறங்கினார்கள். சாமிக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் தோள் கொடுத்தார். நாலு முழம் மேலே ஏறிய வண்டி, ஒரு மூச்சு விட்டுப் பின்னால் வந்தது. மற்றவர்கள் குதித்து விலகினார்கள். சாமிக்கண்ணுவின் வலது பாதம் ஈரமண்ணில் வழுக்கிச் சக்கரத்தின் அடியில் மாட்டிக்கொண்டது.

அலறிய அவரை அதே வண்டியில் தூக்கிப் போட்டு, மறுபடி தள்ளிக் கிளப்பிக்கொண்டு, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாதத்து எலும்பு நொறுங்கியிருந்தது. டாக்டர் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்.

மறுநாள் பஞ்சநாதன் சாத்துக்குடியோடு வந்தார். "நீ ஒண்ணும் கவலைப்படாத சாமிக்கண்ணு. கம்பெனி பாத்துக்கும்" என்று சொல்லி, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் புதுச் சட்டத்தை விளக்கிவிட்டுப் போனார்.

கம்பெனி பார்க்க வந்தது. திருச்சியிலிருந்து இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி, கோட்டு போட்டுக்கொண்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, அடிபட்ட சமயத்துல நீ பஸ்ஸுக்கு உள்ள இருந்தியா, வெளிய இருந்தியா?"

"நான் வெளிய இருந்தேங்க. என் சாக்கு உள்ள இருந்துச்சு."

"டிக்கெட் வாங்கினியா?"

"வாங்காம ஏத்துவாங்களா?"

"டிக்கெட் வாங்கினவன் பிரயாணி. பிரயாணின்னா வண்டிக்குள்ள இருக்கணும். நீ இல்லை."

"அப்ப ரோட்டுல போறவன்னு வெச்சிக்குங்க."

"ரோட்டுல போறவன்கிட்ட டிக்கெட் எப்படி இருக்கும்?"

சாமிக்கண்ணு கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடறேங்க."

கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. "டிரைவர் சொன்னான், நீ தள்ளின. அதாவது பஸ் மொதலாளிக்காக வேலை செஞ்ச. அப்ப நீ அவரோட வேலையாள். வேலையாளுக்கு வேற சட்டம் இருக்கு. அவர்தான் குடுக்கணும். எங்களுக்குச் சம்பந்தம் இல்லை."

கால்மாட்டில் நின்றிருந்த பாப்பாயி முன்னால் வந்தாள். "காசு குடுத்துட்டு வேலை பாக்குற வேலையாளை நீங்க எந்த ஊருலங்க பாத்தீங்க?"

அவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போனார்.

செய்தி பஞ்சநாதனுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. "அவன் என் ஆளா? நான் எறங்கச் சொன்னேனா? தர்மராஜ் சொன்னா அவன் ஏன் எறங்கறான்?" என்று பஸ் ஆபீஸில் சத்தம் போட்டார். கம்பெனிக்கு அவன் வேலையாள்; முதலாளிக்கு அவன் யாரோ.

அரியலூர் வக்கீல் வைத்திலிங்கம் ஒருவருக்குத்தான் சாமிக்கண்ணு மேல் உண்மையான ஆசை பிறந்தது. கட்டுப் போட்ட காலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"புதுச் சட்டம்! இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு கால் வந்ததில்லைங்க. கேஸ் மேல மேல போச்சுன்னா மெட்ராஸ் ஹைகோர்ட்டுல இந்தக் காலைப் பத்திப் பேசுவாங்க."

"பேசட்டுங்க. நான் எப்ப ஏர் பிடிக்கறது?" என்றார் சாமிக்கண்ணு.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் இல்லை. கேஸ் முன்சீப் கோர்ட்டுக்குப் போனது. வாய்தா மேல் வாய்தா ஆனது. அந்த வருஷச் சோளத்தைப் பாப்பாயியின் தம்பி தங்கராசு விதைத்து, அவனே அறுத்தான். சாமிக்கண்ணு வேப்பங்கழியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார். ராத்திரியில் இல்லாத விரல்கள் அரிப்பதாகச் சொல்வார். பாப்பாயி கையை வைத்து, வெறும் இடத்தைத் தடவிக் கொடுப்பாள்.

கடைசியில் சாட்சி விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்று காலை புருஷனும் பெண்டாட்டியும் பெரம்பலூரில் பஸ் ஏறியபோது, முன் சீட்டில் கோட்டோடு கிருஷ்ணமூர்த்தி உட்கார்ந்திருந்தார். வேறு வேலையாக முந்தின நாள் பெரம்பலூர் வந்தவருக்கு, கோர்ட்டுக்குப் போக அந்த பஸ்ஸைவிட்டால் வேறு வழி இல்லை.

வண்டி அதே மேட்டில் நின்றது.

தர்மராஜ் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் எறங்கித் தள்ளினா நல்லாருக்கும்…" என்றான்.

ஒருவரும் அசையவில்லை. சாமிக்கண்ணுவின் கதை அந்த ரோடு முழுக்கப் பரவியிருந்தது. வெற்றிலைக் கூடையை மடியில் வைத்திருந்த கொளஞ்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எறங்கறோம். எறங்கினா நாங்க யாரு? அதை அந்தக் கோட்டு ஐயா மொதல்ல சொல்லட்டும்."

"ஆமா, வேலையாளுன்னா கூலி பேசிக்கிடுவோம்" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

கிருஷ்ணமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வண்டி இல்லை. தான் வராவிட்டால் கம்பெனி பக்கம் சாட்சியே இல்லை.

"இது என்ன அக்கிரமம்! நீங்க எல்லாரும் பிரயாணிங்கதான். அவசரத்துக்கு எறங்கித் தள்ளினா பிரயாணி இல்லாமப் போயிடுவானா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க சாமி. காது சரியாக் கேக்கல" என்றாள் பாப்பாயி.

அவர் சொன்னார். இந்த முறை கத்தியே சொன்னார்.

"அப்ப நீங்களும் எறங்குங்க. நீங்களும் டிக்கெட்டுதானே வாங்கியிருக்கீங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவரும் இறங்கினார். மற்றவர்கள் முன்னாலேயே நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டதால், அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. சாமிக்கண்ணு ஒருவர் மட்டும் கழியை ஊன்றி ரோட்டோரம் நின்றிருந்தார். தள்ளத் தெரியாமல் கிருஷ்ணமூர்த்தி மூச்சு வாங்குவதைப் பார்த்து, மனம் பொறுக்காமல், "காலை அகட்டி வெச்சிக்குங்க ஐயா, சக்கரத்துக்கு நேரா நிக்காதீங்க" என்றார்.

கோர்ட்டு வராந்தாவில் பாப்பாயி நடந்ததை எல்லாம் வக்கீலிடம் சொன்னாள். வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கேஸ் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கொஞ்சம் வாடவும் செய்தது.

கூண்டில் ஏறிய இன்ஸ்பெக்டரின் கோட்டில் தோள் முதல் இடுப்பு வரை கரி.

"கோட்டுல என்ன கரி?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"வர வழியில பஸ் நின்னுடுச்சு. தள்ள வேண்டியதாப் போச்சு."

"அப்படியா? பஞ்சநாதன்கிட்ட எப்பலேருந்து வேலை பாக்கறீங்க?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் யாருக்கும் வேலையாள் இல்லை! காசு குடுத்து டிக்கெட் வாங்கின பிரயாணி!"

"வேற கேள்வி இல்லை" என்று வைத்திலிங்கம் உட்கார்ந்தார். முன்சீப் குனிந்து ஏதோ எழுதினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் அவரும் சிரித்ததாகப் பாப்பாயி பிற்பாடு சொன்னாள்.

சாமிக்கண்ணு பிரயாணிதான் என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி ஈடு கட்டியது. கூடவே, பிரயாணிகளைத் தள்ளச் சொல்லக் கூடாது என்று பஸ் முதலாளிகளுக்கெல்லாம் உத்தரவு போட்டது. பஞ்சநாதன் அதை மதித்து, டிரைவர் தலைக்கு மேலே பலகை எழுதி வைத்தார்: "பிரயாணிகள் வண்டியைத் தள்ளக் கூடாது. தள்ளாவிட்டால் வண்டி போகாது."

வந்த பணத்தில் வக்கீலுக்கானது போக மீதிக்கு ஒரு கறவை மாடு வாங்கினார்கள். நிலத்தை, விளைச்சலில் பங்கு பேசி, தங்கராசுவுக்கே வாரத்துக்கு விட்டார்கள். அடுத்த ஆடியில் அவன் ஏர் பூட்டியபோது, சாமிக்கண்ணு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஏர் கீறிய படைச்சால் கோணலாகப் போயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கழியை எடுத்துக்கொண்டு, பாப்பாயி கூப்பிடக் கூப்பிட, நொண்டி நொண்டி உழவுக்குள் இறங்கினார்.

"வளையுதுடா தங்கராசு. நீ தள்ளிக்க, நான் பிடிக்கறேன்."

சால் பாதி வரைக்கும்தான் அவரால் ஏரைப் பிடிக்க முடிந்தது.