வரிசையக்கா மூன்றாவதாக நின்ற நாள்

1

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், செல்லங்களா. என் குரல் அவ்வளவு தூரம் போகாது, எழுத்தும் அப்படித்தான். ஒரு கதை சொல்கிறேன். சொல்லி முடிப்பேனா என்பது வேறு விஷயம். நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் கிழித்துப் போட்ட கதை இது.

எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நானாக யோசித்ததில்லை. கண்ணைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்குளில் யாருடையதோ ஒரு ஃபைல். உனக்கு என்ன உடம்புக்கு என்று பேச்சுக் கொடுத்தேன். தனக்கு ஒன்றுமில்லை, நிற்க முடியாத ஒருத்தருக்காக நிற்கிறேன் என்றாள். சொந்தமா என்றேன். நேற்றுத்தான் பார்த்தாளாம்.

அங்கே எல்லோரும் அவளை வரிசையக்கா என்கிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு அக்கா உண்டு. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த அக்கா அவளோடு பேசி அப்போது பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அக்கா வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். நான் நடுவில் வளவளத்தாலும் நீங்கள் அதில் ஒரு கண் வைத்திருங்கள்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: “வானமே தீப்பிடித்து எரிந்த அந்த நாளில்”

அவளிடம் படித்துக் காட்டினேன். “வானம் எங்கம்மா எரிஞ்சுது? அன்னைக்கு விடாத மழை. சேத்துல என் செருப்பு போச்சு” என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: “போர் என்பது மனிதகுலத்தின்”

இதை முடிக்கவில்லை. மனிதகுலத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்.

அதனால் நேராகவே சொல்கிறேன். குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரே கிளம்பியது. அக்கா, தங்கை, தங்கையின் இரண்டு வயது மகள், மூவரும் ஒன்பது நாள் நடந்தார்கள். பாதி வழிக்குமேல் பிள்ளையைத் தூக்கியது அக்காதான். அக்காவுக்குச் சொந்தப் பிள்ளையில்லையா என்று கேட்காதீர்கள். அவள் மகன் பத்து வயதுப் பையன், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். (பார்த்தீர்களா, மூவர் என்று எழுதிவிட்டேன். நால்வர். திருத்தாமல் விடுகிறேன், அவசரத்தில் கிளம்பியவர்களை எண்ணும்போது அவர்களுக்கும் இப்படித்தான் விட்டுப்போனதாம்.)

[தங்கையின் புருஷன் எங்கே என்பீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் “பூட்டப் போனார்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.]

3

முகாமில் எதற்கும் வரிசை. தண்ணீருக்கு, மாவுக்கு, கக்கூசுக்கு, பெயர் பதிய, பதிந்த பெயர் இருக்கிறதா என்று பார்க்க. குழாயில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஆளில்லாத கேனைக் காலால் எத்தித் தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அக்கா மாவு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தாள். இவள் தண்ணீர்க் கேனை அப்படியே போட்டுவிட்டு மருந்துக் கூடாரத்துக்கு ஓடினாள். திரும்பி வரும்போது குழாய் நின்று வெகு நேரமாகியிருந்தது. தன் கூடாரத்து வாசலில் பார்த்தால் கேன் நிரம்பி நிற்கிறது.

குழாய் வரிசையில் இவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, காதில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடிக்காரி, தன் கேனை ஒரு காலாலும் இவள் கேனை மறு காலாலும் தள்ளித் தள்ளிக் குழாய்வரை கொண்டுபோய், நிரப்பி, தூக்கி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் செய்தாய் என்று தேடிப்போய்க் கேட்டதற்கு, “கேன் உன்னோடதுதானே, நான் வேற யார் வீட்டுல வைக்கிறது?” என்றாளாம்.

4

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கேனில் ஆரம்பித்துத்தான் அவள் கிறிஸ்தவளானாளாம். ஒரு கேன் தண்ணீருக்காக ஒருத்தி மதம் மாறுவாளா? வாசகர் நம்ப வேண்டுமே. ஒரு ஒளி, ஒரு குரல், பிள்ளைக்குச் சட்டென்று காய்ச்சல் இறங்குவது என்று ஏதாவது வைக்கலாமா என்று பார்த்தேன். அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். வரிசையக்கா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவள் தேய்த்துக்கொண்டிருந்த சட்டைக் காலர் கருகிப்போகப் பார்த்தது. (பகல் பதினொன்றுக்குமேல் அவளுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி வேலை. நான் போய் உட்காருவதும் அங்கேதான்.)

அவள் சொன்னது இது. கண்ணாடிக்காரி ஜெபக் கூடாரத்துக்குப் போகிறவள். இவளும் ஒரு நாள் கூடப் போனாள். “உட்கார இடமிருந்துச்சும்மா. முகாம்லயே வரிசை இல்லாத இடம் அது ஒண்ணுதான். அதுக்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.”

நாலைந்து வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு நாள் அங்கே ஒரு நோயாளியின் கதையைப் படித்தார்கள். குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவன், தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குத்தான் சுகம், இவன் நகர்வதற்குள் வேறொருவன் முந்திக்கொள்வான், தூக்கிவிட ஆளில்லை. பிறகு யேசு அவனைச் சுகமாக்கியதைப் பற்றிப் போதகர் நெடுநேரம் பேசினாராம். இவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அவனுக்காக ஒருத்தரும் நிற்கவில்லையே என்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். அந்த ஒருத்தரும் வராத இடத்துக்கு வந்தவர் தனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அடுத்த வருஷம் ஞானஸ்நானம்.

நம்புகிறவர்கள் நம்புங்கள். என்னிடம் இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

5

அக்காவைக் கெட்டவளாக எழுதினால் கதை சுலபமாக நகரும். எழுத மனசு வரவில்லை. அம்மா, அப்பா, வீடு, தெரு எல்லாம் போய், அம்மா கும்பிட்ட சாமி மட்டும் கூட வந்ததாக நினைத்திருந்தவள் அவள். “நான் உன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தேன். நீ அம்மாவோட சாமியை வழியில போட்டுட்டு வந்துட்டியா?” இதுதான் அவள் தங்கையிடம் கடைசியாகப் பேசியது. மற்றவர்களிடம் பேசியது வேறு: பால்மாவு டப்பாவுக்காக மதம் மாறிவிட்டாள் என்று கூடாரம் கூடாரமாகச் சொன்னாள். அன்றிலிருந்து இன்றுவரை வரிசையக்கா சர்ச்சில் கொடுக்கும் டீயைக்கூடத் தொட்டதில்லை. போதகர் வற்புறுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

6

முகாம் கலைந்து இந்த ஊருக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வரிசை. காலை ஐந்துக்கு வந்து பத்துவரை நிற்பாள். அவளுக்கென்று சட்டம் உண்டு. ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான். நிற்கத் தெம்புள்ளவர்களுக்கு நிற்க மாட்டாள். பழம்கூட வாங்க மாட்டாள். வாசல் காவலாளி ‘மீசை’, இடம் விற்கிற புரோக்கர் என்று நினைத்து அவளை ஒரு வாரம் விரட்டியடித்தார். எட்டாம் நாள் தன் அம்மாவின் ஃபைலை நீட்டினார். மகள் மட்டும் கேலி செய்வாள்: “எங்கம்மாவுக்கு உட்காரத் தெரியாது. செத்தாலும் நின்னுக்கிட்டேதான் போவாங்க.” பெருமையோடு சொல்கிற கேலி அது.

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கிறதா? எனக்கென்னவோ இதைத்தான் இன்னும் எழுத வேண்டும்போல இருக்கிறது. அவள் அந்த வரிசையில் சந்தோஷமாக இருந்தாள். அதை எப்படி எழுதுவதென்றுதான்

7

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். அக்காவின் மருமகள் இஸ்திரிக் கடைக்கு வந்தாள். அத்தைக்குக் கண்ணில் புரை, முட்டிவலி வேறு, ஐந்து நிமிஷம் நிற்க மாட்டார்கள். “நீங்க நிக்கணும் சின்னத்தை. யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

மறுநாள் வரிசையக்கா நாலு மணிக்கே போய்விட்டாள். மூன்றாவது இடம். எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும் நேரம் மருமகள் அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். புரை விழுந்த கண்தான். ஆனாலும் கூடப் பிறந்தவளின் நிற்கிற நிற்பு தெரியாதா? அக்கா மருமகளிடம் சொன்னாள், எல்லோர் காதிலும் விழ: “இவ நின்ன இடத்துல நான் நிக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு வரிசையின் வாலைத் தேடி நடந்தாள். நூற்று நாற்பது பேருக்குப் பின்னால்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். “எங்கக்காவா? அவ புருஷனையே எங்க முன்னால தொட்டதில்ல” என்று வரிசையக்கா தள்ளிவிட்டாள். இன்னொன்றில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அது பொய் என்று மீசையே சொன்னார். மூன்றாவது, நடந்தது.

வரிசையக்கா தன் இடத்தைப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்துவிட்டு, நூற்று நாற்பது பேர் பார்க்க, சுவரோரமாக நடந்து போய் அக்காவுக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றாள். அக்கா திரும்பவில்லை. வரிசை நகர்ந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வளைவில் அக்காவின் முட்டி நடுங்கியது. இவள் இன்னும் நெருங்கி நின்றாள், சாய்ந்தால் தாங்கும் தூரத்தில்.

அக்கா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: “மூச்சு பிடரியில படுது. தள்ளி நில்லு.”

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை. ஒன்றல்ல, ஐந்து, நான் எண்ணினேன். வரிசையக்கா தள்ளி நிற்கவில்லை.

ஜன்னலுக்குப் போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “அது வரிசையில நின்னவங்களுக்கு மட்டும்மா” என்றாள், சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே. முகம் நிறைந்திருந்தது. ஆகவே அந்த மூன்று மணி நேரத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் பேசாமல் விட்ட அக்காவோ தங்கையோ இருந்தால், என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

போய் வாருங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டில் யார் எங்கே காத்து நின்றாலும் அவர்கள் முட்டி நோகாமல் இருக்கட்டும். அப்படியே நொந்தாலும், சாய்கிற தூரத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.