காலுக்குத் துடுப்பு

கடைக்குள் நுழையும்வரை எழிலரசனிடம் பொய் எதுவும் தயாராக இல்லை. ஏரியில் லாரி டியூப் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் அப்பாவுக்குக் காலில் மாட்டுகிற துடுப்பு வேண்டும். கேட்க வந்தது அவ்வளவுதான். ஆரணியிலிருந்து பேருந்தில் வரும்போது அதை மனதுக்குள் சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டான்.

கடை வேலூரில், பெரிய சாலையில், முழுக்கக் கண்ணாடி. நீச்சல் சாமான்கள் மாடியில் இருந்தன. அங்கே நின்ற பெண்ணின் சட்டையில் தேவிப்ரியா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் முதலில் பார்த்தது அவன் தோளில் தொங்கிய பையை. சென்னையில் இரவு ஷிஃப்ட் பார்த்த கம்பெனி கொடுத்த பை. வேலையை விட்டு ஊருக்கு வந்து ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. பையை மட்டும் அவன் விடவில்லை.

"ஐ.டி.ல இருக்கீங்களா சார்?"

"ஆமா."

அந்த ஒரு 'ஆமா'வுக்குப் பிறகு டியூப் என்ற சொல் வாயில் வரவில்லை.

"ஃபின்ஸ் வேணும்" என்றான்.

"எதுக்கு சார்? நீச்சல் குளத்துக்கா, கடலுக்கா? சில பேர் மிதவைல உக்காந்து மீன் புடிக்கறதுக்கும் கேக்கறாங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாடல்."

கேட்க வேண்டிய வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பக்கத்தில் ஒருவர் தன் மகளுக்கு நீச்சல் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார், மகளோடு ஆங்கிலத்தில் பேசியபடி. எழிலரசன் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கடலுக்குத்தான். பாண்டிச்சேரில ஸ்கூபா."

"சூப்பர் சார். உங்களுக்குத்தானே?"

"எனக்குத்தான்."

"ஷூ போட்டு அதுமேல மாட்டுவீங்களா, வெறும் கால்லயா?"

"வெறும் கால்ல."

அவள் நீல நிறத்தில் ஒரு ஜோடி கொண்டுவந்தாள். நீளமானது. குதிகாலையும் சேர்த்து மூடுகிற ரப்பர். அவன் காலுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த தட்டில் கறுப்பில் வேறொரு ஜோடி இருந்தது. குட்டையாக, அகலமாக, குதிகால் திறந்து, பின்னால் இறுக்கிக்கொள்ள ஒரு வார். கைப்பேசியில் அப்பாவுக்குக் காட்டிய வீடியோவில், மிதவையில் உட்கார்ந்து மீன் பிடித்த வெளிநாட்டுக்காரன் ஷூவுக்கு மேல் மாட்டியிருந்தது அதைத்தான். எழிலரசனுக்கு அது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதைக் கேட்டால் சொன்னதையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டும்.

கால் என்றால் கால்தானே என்று நினைத்துக்கொண்டு நீலத்தைக் கட்டச் சொன்னான்.

*

அவன் அப்பா வீரனுக்கு வலது தோள் போய்விட்டிருந்தது. போன கோடையில் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும்போது ஏதோ அறுந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மூட்டை தூக்காமல் இருந்துவிடலாம். ஏரியில் கை இல்லாமல் முடியாது. அங்கே எல்லாரும் ஊதிய லாரி டியூபின் நடுவில் பலகை கட்டி உட்கார்ந்து, பழைய ரப்பர் செருப்பை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளித்தான் போவார்கள். ஒரு கையால் தள்ளினால் டியூப் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த கமலக்கண்ணன் தன்மையாகத்தான் சொன்னார். "ஞாயித்துக்கெழம வலை வுடறோம் வீரா. டியூப்ல போவ முடிஞ்சா வா. முடியலன்னா கரையில குந்திகினு மீனு பிரிச்சிப் போடு. அதுக்கும் கூலி உண்டு."

கரையில் மீன் பிரிப்பவர்கள் வயசாகித் தள்ளாதவர்களும், காலையிலேயே குடித்துவிட்டு வருபவர்களும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் எழிலரசன் அந்த வீடியோவைக் காட்டினான். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

"கை சும்மா கீது பாரேன்! காலே எல்லாம் பண்ணுது."

மறுநாள் டீக்கடையில் ஆரம்பித்து ஏரிக்கரை முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்புள்ள காலுக்குத் துடுப்பு வாங்கியாறான். வேலூர் போயிகினு கீறான்." அம்மா கன்னியம்மா, நெசவுக்காரர் தெருக்களில் மீன் விற்கப் போன இடத்திலெல்லாம் அதையே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஏரிக்கரை மேல்தான் சாலை. ஊருக்குள் தறிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எழிலரசன் சாலையை ஒட்டி ஒரு புளியமரத்தடியில், பையோடு நின்றுகொண்டான். போகிறவர்களுக்கு அவனும் பேருந்துக்கு நிற்பவன்போலத் தெரியும்.

அப்பா பெட்டியைப் பிரித்தார். நீலத் துடுப்பைத் தூக்கிப் பிடித்தார்.

"அட, சொறா மாதிரி கீதே!"

"மீனு பயந்து தானா கரையேறிடும் மாமா" என்றான் தசரதன். அப்பாவோடு வலை விடுகிறவன், வாய் நிற்காது. "நமக்கு வேலயே இல்ல."

அப்பா சிரித்துக்கொண்டே கேன்வாஸ் ஷூவுக்கு மேல் மாட்டப் பார்த்தார். போகவில்லை. இந்த ஏரியில் ஷூ இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. தண்ணீர் இல்லாத வருஷங்களில் ஏரிக்குள் கருவேலம் காடாக வளர்ந்து, மழை வந்ததும் அப்படியே மூழ்கிவிட்டது. அடியெங்கும் முள். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எழிலரசனுக்கும் தெரியும்.

அப்பா ஷூவைக் கழற்றினார். வெறுங்காலையும் துடுப்பு ஏற்கவில்லை. செருப்புக்கே சரியாக அடங்காத கால் அது. கட்டைவிரல் தனியாக விலகி, பாதம் முறம்போல் அகன்றது. அவர் நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்தார். எழிலரசன் இறங்கிப் போனான்.

"இதான் கேட்டியாடா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாத்திக் குடுத்துட்டாங்க போல."

அப்பா தலையாட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்களை மட்டும் உள்ளே திணித்து, வலை பின்னும் நைலான் கயிற்றால் கணுக்காலோடு கட்டிக்கொண்டு, அப்படியே டியூபில் ஏறிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனார். நீளத் துடுப்பு தண்ணீருக்குள் முள்ளில் சிக்கியது. உதறினார். ஒன்று கழன்று கயிற்றில் தொங்கியது. மற்றதை அடித்ததும் டியூப் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக, மாவரைக்கிற குழவி மாதிரி, நின்ற இடத்திலேயே. ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவின் முகம் கரைப்பக்கம் வந்து போனது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது.

தசரதன்தான் போய்க் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். செத்த மாட்டை இழுப்பதுபோல, ஒன்றும் பேசாமல். அவன் பேசாமல் இருந்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவின் குதிகாலில் முள் ஏறி ரத்தம் வந்தது.

"கடையில ஏமாத்திட்டான்" என்று அப்பா பொதுவாகச் சொன்னார். "புள்ள கேட்டது ஒண்ணு, அவன் குடுத்தது ஒண்ணு."

"டவுன்காரனுங்களே அப்பிடித்தான்" என்றது கரை. கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து அந்தக் கடையைத் திட்டினார்கள். எழிலரசனும் கூட நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வலைக்குப் பார்க்கலாம் என்று கமலக்கண்ணன் சொன்னார். அன்றைக்கு அப்பா கரையில் உட்கார்ந்து மீன் பிரித்துப் போட்டார்.

*

"நாளைக்குக் கடைக்கு நானும் வர்றேன்" என்றார் அப்பா, வீட்டில்.

"போட்டத வாங்க மாட்டாங்கப்பா."

"தப்பா குடுத்தவன் வாங்கித்தான் ஆவணும். நீ கூச்சப்படுவ. நான் பேசறேன்."

அம்மா துடுப்பைப் பாத்திரம் துலக்கும் தூள் போட்டுத் தேய்த்துக் காயவைத்தாள். சேற்று வாசனை போகவில்லை. எழிலரசன் வழியெல்லாம் ஏதாவது நடக்காதா என்று பார்த்தான். கண்ணமங்கலத்தில் பேருந்து வெகுநேரம் நின்றபோது பழுதாகிவிட்டதோ என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுவும் கிளம்பிவிட்டது.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மாடிப்படி ஏறினார். தேவிப்ரியா அங்கேயேதான் இருந்தாள்.

"யம்மா, இத மாத்திக் குடுத்துட்டீங்களாமே" என்றார் அப்பா. சண்டைக்காரக் குரல் இல்லை. "புள்ள கேட்டது வேறயாம்."

அவள் துடுப்பை வாங்கிப் பார்த்தாள். வாசனை தெரிந்ததும் முகத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, அப்படி இழுத்தது தெரியாமல் இருக்கச் சிரித்தாள். பிறகு எழிலரசனைப் பார்த்தாள்.

"சார், நீங்க ஸ்கூபாவுக்குனுதானே கேட்டீங்க? பாண்டிச்சேரிக்கு? உங்களுக்குத்தான்னு சொன்னீங்க. கால்ல போட்டுப் பாத்துட்டுத்தானே எடுத்தீங்க?"

அவளுக்குக் குத்திக்காட்டும் எண்ணமே இல்லை. தன் மேல் தவறு வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். எழிலரசன் தரையைப் பார்த்தான். பளிங்குத் தரையில் அவர்கள் வந்த வழியெங்கும் அப்பாவின் ஒற்றைக் குதிகால் தடம், லேசான சிவப்பில்.

"ஸ்கூபான்னா இன்னாம்மா?"

"கடலுக்கு அடியில போறது ஐயா. சிலிண்டர் மாட்டிக்கிட்டு, சுத்திப் பாக்கறதுக்கு."

அப்பா மகன் பக்கம் திரும்பவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"ஆமா ஆமா. அது அவனுதுதான்" என்றார். "நாந்தான் தெரியாம எடுத்துப் போட்டுக் கெடுத்துட்டேன். அத வுடு. எனக்கு ஒண்ணு வேணும், அது காட்டு. லாரி டியூப்ல குந்திகினு ஏரியில மீனு புடிக்கறேன். அடியில முள்ளு. ஷூ மேல மாட்டறா மாதிரி வேணும்."

எழிலரசன் பேருந்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த அதே வாக்கியங்கள். அப்பாவுக்கு அவை ஒரு மூச்சில் வந்துவிட்டன. தன் மஞ்சள் பையிலிருந்து கேன்வாஸ் ஷூவை எடுத்து அவர் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். காலோடு ஷூவையும் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியிருந்தது.

அவள் கறுப்பு ஜோடியை எடுத்துவந்தாள். குட்டை, அகலம், பின்னால் வார். அவளே தரையில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல் மாட்டி வாரை இழுத்தாள்.

"குட்டையா இருந்தாதான் ஐயா முள்ளுல மாட்டாது, முட்டியும் வலிக்காது. இன்னொண்ணு. உக்காந்துக்கிட்டு இத அடிச்சா நீங்க பின்னாலதான் போவீங்க. போற பக்கம் முதுகு இருக்கும்."

"எப்பிடியோ போனா சரி."

நீலத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வாணாம்மா, அவன் கடலுக்குப் போவான், வெச்சிக்கட்டும்" என்றார் அப்பா. எழிலரசன் பையைத் திறப்பதற்குள் கறுப்புக்கு அவரே பணம் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது அப்பா அவனுக்கு ஜன்னலோர இடம் விட்டார். வேர்க்கடலை வாங்கிப் பாதியைக் கொடுத்தார். திட்டுவார் என்று எழிலரசன் காத்திருந்தான். திட்டினால் பதிலுக்குக் கத்தலாம், சென்னையில் ராத்திரி முழுக்கப் போனில் யார் யாரிடமோ 'சாரி' சொன்னதையெல்லாம் சொல்லலாம். ஆரணி வரும்வரை அவர் ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"பாண்டிச்சேரிக்கு எப்ப போவப் போற?"

சிரிக்காமல்தான் கேட்டார். எழிலரசன் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான்.

*

அடுத்த வலை அன்று அவன் புளியமரத்தடிக்குப் போகப் பார்த்தான். அப்பா விடவில்லை.

"எங்க போற? நான் பின்னால போறவன். எனக்குக் கண்ணு முதுகுலயா கீது? நீ இங்க தண்ணியாண்ட நின்னு கத்திச் சொல்லு. முள்ளு எங்க, தடம் எங்கன்னு."

வாரை இழுத்துக்கட்டி, கழன்றாலும் போகாதபடி துடுப்பைக் கயிற்றால் கணுக்காலோடு முடிச்சிட்டு, டியூபில் உட்கார்ந்தார். மற்றவர்கள் செருப்புக் கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, கரைக்கு முதுகு காட்டிப் போனார்கள். அப்பா காலை அடித்தார். டியூப் அசைந்து, நேராக, பின்னோக்கிப் போனது. கை இரண்டும் சும்மா இருந்தன. மடியில் வலை. முகம் கரையைப் பார்த்தபடி.

"மாமா ரிவர்ஸ் கியர் போட்டுட்டாருடோய்!" என்று தண்ணீரிலிருந்து தசரதன் கத்தினான்.

மேலே சாலையில் ஒரு வண்டி நின்றது. கோகுல்ராஜ். கூடப் படித்தவன், வீட்டில் பட்டுத்தறி வைத்திருப்பவன். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பதாக எழிலரசன் அவனிடம் சொல்லி வைத்திருந்தான்.

"டேய் எழிலு! நீ இங்க இன்னாடா பண்ணிகினு கீற?"

எழிலரசன் திரும்பவில்லை. அப்பாவுக்குப் பின்னால், டியூபுக்கு நேராக, மூழ்கிய கருவேலத்தின் கிளை ஒன்று தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டியூபில் அது ஏறினால் ரப்பர் கிழியும். நல்ல ஆழம் அங்கே. ஒரு கையால் நீந்த முடியாது.

அப்பா காலை அடித்துக்கொண்டே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சொல்வான் என்று.

"அப்பா!"

உடைந்த குரல்தான். ஆனால் ஏரி முழுக்கக் கேட்டது. மீன் பிரிக்க உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். சாலையில் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.

"நில்லுப்பா! பின்னால முள்ளு! சோத்துக்கை பக்கம் அடி... இன்னும்... இன்னும்ப்பா!"

டியூப் கிளையை உரசாமல் தாண்டியது. எழிலரசனின் முகம் காதுவரை எரிந்தது. மறைத்துக்கொள்ள இடம் இல்லை. அப்பா அந்த முகத்தையே பார்த்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தார். அவன் அடுத்த முள்ளைத் தேடினான்.