நம்மாத்துப் பிள்ளை

...நேற்றே ஹேமாம்புஜம் குறுக்கே பேசியிருக்கலாம், ஒரு வார்த்தைதானே. டாக்டர் தெளிவாகத்தான் கேட்டார். "கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆளுங்க நாலஞ்சு பேர் இதே டைபாய்டோட வந்திருக்காங்க, எல்லாம் சந்தை இறா தின்னவங்க. அந்தக் கிருமி இந்தக் காப்ஸ்யூலுக்குக் கேக்கலை. வேற ஊசி கொஞ்சந்தான் இருக்கு, இறா தின்னவங்களுக்கு மட்டுந்தான் போடறோம். உங்க பையன் தின்னானா?" திருவள்ளூர் கோயிலில் கைங்கர்யம் செய்கிற அவள் கணவர் சம்பத்குமார், நெற்றித் திருமண் சுருங்கச் சிரித்தார். "நம்மாத்துப் பிள்ளை, டாக்டர். வெங்காயமே தொடமாட்டான்." டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அவளும் போகவிட்டாள்.

இதோ விடிந்துவிட்டது, பிள்ளை யதிராஜன் உதடு வெடித்துக் கிடக்கிறான், கூப்பிட்டால் கண் திறக்கிறது, பார்வை இவளிடம் வருவதில்லை... கும்மிடிப்பூண்டியிலிருந்து தீபாவளிக்கு வந்தவன் அடுக்களையில் காதோடு சொன்னானே, மெஸ்ஸுல எல்லாரும் இறா திங்கறச்சே நான் மட்டும் ஊறுகாயைத் தொட்டுண்டா சிரிக்கறாம்மா என்று. கரண்டியை ஓங்கினாள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, எப்படிடா இருந்தது என்றாள். ஏன் கேட்டாள்? கேட்டதால்தான் மறுபடி தின்றானோ? சொன்னால் இவரைக் கோயிலுக்குள் விடுவார்களா, மகள் பங்கஜவல்லியைப் பெண் கேட்டு வந்தவர்கள் மறுபடி படியேறுவார்களா...

"இன்னா மாமி, டாக்டரு கேக்க சொல்லோ வாய மூடிக்கினு இருந்தியே?" பக்கத்துக் கட்டில் குப்பம்மாள், அவள் மகனுக்கும் இவனுக்கும் ஒரே கம்பெனி. "எம் புள்ள தின்னான்னேன், ஊசி போட்டாங்கோ. இப்ப கஞ்சி பத்தலன்னு என்னியே திட்றான். ரெண்டும் ஒண்ணா குந்திக்கினு தின்னதுங்கதான், தெரியுமா?"

தெரியும். எழுந்துவிட்டாள், வாசலில் டாக்டரை மறித்து, "தின்னான், எங்கிட்டயே சொன்னான்," என்றாள். "நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று அவர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ஆத்துக்காரர் காதில் விழுந்திருக்கும், இனி கத்துவார், கத்தட்டும், தலையைக் குனிந்து கட்டிலருகே வந்து நின்றாள். அவர் கத்தவில்லை. பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார். "தெரியும்டி. சட்டையில வாசனை வந்தது. நீ தாங்கமாட்டேன்னுதான்..."

நர்ஸ் ஊசியோடு வந்து யதிராஜனின் கையைத் தூக்கினாள், விட்டதும் அது துவண்டு விழுந்தது. இவருக்கும் தெரிந்திருக்கிறது. இவளுக்காக அவர், அவருக்காக இவள், ராத்திரி முழுக்க ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்... அப்படியானால் இவனை யார்...