பதினாலாவது படி

நாடகம் எழுதிவந்த தந்தி இறந்து இருபத்து மூன்றாம் நாள், அவருடைய மனைவி ஒத்திகைக் கூடத்துக்கு ஏறி வந்து, மேசைமேல் சில காகிதங்களை வைத்தார்.

"நாடகத்தோட ரெண்டாம் பாதி. அவர் பையில இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிரதி எடுத்துத் தர முடியும். அவர் கையெழுத்துதான் உங்களுக்குத் தெரியுமே."

மெத்தைக் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த கூடம் அது. அந்த நாடகக் குழுவை நடத்தி வந்தவள் வேறு யாரும் போட்ட நாடகத்தைத் தொட மாட்டாள். புது நாடகம் மட்டும்தான். எழுதுகிறவர் பத்துப் பக்கம் கொண்டுவருவார். நடிகர்கள் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். எங்கே இடறுகிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று பேசுவார்கள். அவர் போய்த் திருத்திக்கொண்டு வருவார். ஒரு நாடகம் உருவாக ஆறேழு மாதம் ஆகும். பாதியிலேயே கலைந்துபோனதும் உண்டு. பதினைந்து வருடமாக அவர்களுக்கு எழுதியவர் தந்தி. எந்த வசனத்தையும் மூன்று நான்கு சொல்லில் முடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். அவள் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அதனால் அவர் மனைவி அவளுக்கு அண்ணி.

அண்ணி வழக்கமாகக் கூடத்துக்கு வருகிறவர் அல்ல. அன்று பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். "வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்."

பெற்றோர் காலமான பிறகு, வீட்டைக் காலி செய்ய வரும் ஓர் அண்ணனும் தங்கையும்தான் அந்த நாடகம். முதல் பாதியில் சாமான்களைப் பிரித்துக் கட்டுகிறார்கள். இப்போது வந்த பக்கங்களில் முதல் சண்டை தொடங்கியது. அண்ணனாக வாசித்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். எந்த நாடகத்திலும் சித்தப்பா வேடமே வாய்த்ததால் சித்தப்பா. தந்தியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தங்கையாக வாசித்தவள் நிஜத்திலேயே நர்ஸ், குழுவிலும் நர்ஸ்தான். வாசித்து முடித்ததும் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவி மனுஷன். போறப்பதான் இவ்வளவு நல்லா எழுதணுமா?"

குழுவை நடத்துகிறவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கங்கள் தந்தி எழுதியவை அல்ல என்பது அங்கே இருந்தவர்களில் அவளுக்குத்தான் தெரியும். அல்லது, அவளுக்கும் அண்ணிக்கும்.

தந்தி எழுதிய இரண்டாம் பாதியை அவள் வாசித்திருந்தாள். அவர் இறந்த அன்று மாலை நாலரை மணிக்கு, இதே மேசையில், அவர் எதிரே உட்கார்ந்து. வாசித்துவிட்டு நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். கோபித்துக்கொண்டு அவர் காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார். நாற்பது நிமிடம் கழித்து அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது, படித் திருப்பத்தில், மெத்தைக் கடைக்காரர்கள் அடுக்கி வைத்திருந்த மெத்தைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னும் போகலையா நீங்க?" என்று அவள் எரிச்சலோடு கேட்டாள். பதில் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

"நல்லாத்தான் பேசிட்டிருந்தார். ரெண்டாம் பாதி எழுதிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்," என்று எல்லோரிடமும் சொன்னாள். அண்ணியிடமும் அதையேதான் சொன்னாள். இப்போது, இது அவர் எழுதியதல்ல என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

அடுத்த வாரம் இன்னும் ஆறு பக்கங்கள் வந்தன. அதில் அண்ணன், அப்பாவைப் பற்றித் தான் எழுதிய கடிதம் ஒன்றைத் தங்கைக்குக் காட்டுகிறான். வாசித்துவிட்டு அவள் சொல்கிறாள். நர்ஸ் அந்த வசனத்தைப் படித்தாள்:

"இது செத்துப்போன ஆள் எழுதின மாதிரி இருக்கு. எனக்கு உயிரோட இருக்கிற ஆள் எழுதினது வேணும்."

குழுவை நடத்துகிறவள் தன் பிரதியில் அந்த வரியைத் தேடினாள். ஒரு எழுத்து மாறவில்லை. அன்று தந்தியிடம் அவள் சொன்னது அதேதான். அப்போது கூடத்தில் ஈ, எறும்புகூட இல்லை.

"மேடம், இதை எப்படிச் சொல்லணும்? கத்தணுமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கத்தக் கூடாதும்மா. மெதுவா சொல்லணும். சொல்லிட்டு எழுந்துபோய் ஃபேனை ரெண்டு நம்பர் கூட்டணும். டக், டக்னு."

"ஆஹா, நல்லா இருக்கே," என்றார் சித்தப்பா. "கொன்னுட்டு, காத்து வாங்கற மாதிரி."

அன்றும் அவள் அப்படித்தான் செய்தாள். பேசிவிட்டு எழுந்துபோய் மின்விசிறியின் திருகை இரண்டு எண் கூட்டினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவளே மறந்துபோன காரியம் அது.

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை. மின்விசிறியைப் போட விடமாட்டாள். "வெந்து சாகறோம். உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கணவர் கேட்டபோது, "சத்தம் வருது," என்றாள். அவர் ஏணி போட்டு ஏறி எண்ணெய் விட்டார். பாவம், அவர் வேறென்ன செய்வார். கூடத்திலோ, வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படியில் யாரோ இறங்குவது போலக் கேட்கும். நிதானமான செருப்புச் சத்தம், பாதியில் நின்றுவிடும். போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். கீழே மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைதான் மினுங்கும். "யாரு மேடம்?" என்பாள் நர்ஸ். "கடைப் பசங்க," என்பாள். மூன்றாவது முறை சித்தப்பா சொன்னார்: "இன்னிக்குக் கடை லீவு, டைரக்டரம்மா."

கடைசியாக வந்தவை இரண்டே பக்கங்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறான். மேலிருந்து பதினாலாவது படியில் நின்று, உட்கார்கிறான். அதற்குக் கீழே ஒரு வரி: 'தங்கை மேலேயே இருக்கிறாள். நாற்பது நிமிடம்.' மீதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

நர்ஸ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்க ஒண்ணுமே எழுதலையே. நாப்பது நிமிஷம் நான் மேல என்ன பண்றது?"

அன்று அண்ணி வரவில்லை. காகிதங்களை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். அவள் ஒத்திகையை அப்படியே போட்டுவிட்டு, அண்ணி வேலை செய்யும் இடத்துக்குப் போனாள்.

காதுகேட்கும் கருவி விற்கும் கடை அது. வருகிறவர்களுக்குக் கேட்கும் திறனைச் சோதிப்பது அண்ணியின் வேலை. வெளிச் சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உள்ளே இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. அண்ணி அவளை அங்கே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தன் மூச்சே தனக்குக் கேட்கிற மாதிரி ஓர் அமைதி.

"அண்ணி, அதெல்லாம் அண்ணன் எழுதினது இல்லை."

"இல்லை. நான் எழுதினது."

"நான் பேசினது உங்களுக்கு எப்படி…"

"அவர் அப்ப என்கூட ஃபோன்ல பேசிட்டிருந்தார். நீ உள்ள வந்ததும், கட் பண்ண மறந்து சட்டைப் பையில போட்டுட்டார். நான் ஃபோனை வெச்சிருக்கலாம். வெக்கலை. பதினஞ்சு வருஷமா அங்க என்னதான் பேசறீங்கன்னு கேக்க ஆசையா இருந்தது." அண்ணி தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "எல்லாம் கேட்டேன். நீ சொன்னது, ஃபேன் திருகினது, அவர் ஜிப் இழுத்தது, கதவு. படியையும் எண்ணினேன். பழக்கதோஷம், இங்க சத்தத்தை எண்ணறதுதானே என் பொழைப்பு. பதினாலு. அப்புறம் பிளாஸ்டிக் நொறுங்கற மாதிரி சத்தம். மூச்சு. அதுக்கப்புறம் லைன் போயிடுச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திரும்பக் கூப்பிட்டேன், அவர் எடுக்கலை. உன்னைக் கூப்பிட்டேன். மூணு தடவை."

"பார்த்தேன் அண்ணி," என்றாள். "பார்த்துட்டுத்தான் எடுக்கலை. அவர் உங்ககிட்ட புகார் சொல்லிட்டார், நீங்க சமாதானம் பேசப்போறீங்கன்னு நினைச்சேன்."

அண்ணி தலையசைத்தார். "அஞ்சு நிமிஷத்துலயே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். நீ எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. உன்னைப் பழி வாங்க நான் இதை எழுதலை. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்."

"அப்ப எதுக்கு?"

"கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான். சத்தம் மட்டும்தான் இருக்கு, உருவம் இல்லை. யாராவது அதை நடிச்சுக் காட்டினா, பார்த்துட்டாவது இருக்கலாம். ஆனா எனக்குக் கேக்காதது ஒண்ணு இருக்கு. கதவுக்கு அந்தப் பக்கம். அந்த நாப்பது நிமிஷம் நீ என்ன செஞ்சே? அதை என்னால எழுத முடியலை."

ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். அழுதேன் என்றோ, மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன் என்றோ. அந்த அறையில் பொய் சொன்னால் அதன் சத்தம் தனியாகக் கேட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"வேற ஒரு எழுத்தாளர்கிட்ட பேசிட்டிருந்தேன். இந்த நாடகத்தை முடிச்சுத் தர முடியுமான்னு கேட்டேன். ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிச்சோம். அண்ணனைப் பத்தித்தான். நடுவுலதான் உங்க ஃபோன் வந்தது."

அண்ணி மேசையிலிருந்து, நோயாளிகளின் பெயர் எழுதும் அட்டையையும் பேனாவையும் எடுத்தார்.

"என்ன சொல்லிச் சிரிச்சீங்க? அப்படியே சொல்லு."

அவள் சொன்னாள். அண்ணி எழுதிக்கொண்டார். இரண்டு இடத்தில் பேனா நின்று, மறுபடி நகர்ந்தது.

மறுநாள் நடிகர்கள் இருவரிடமும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் அழுதாள். சித்தப்பா வேன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான்கு நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வந்து, யாரையும் பாராமல், வசனப் பிரதியை எடுத்தார்.

"அவனுக்காக வந்திருக்கேன். ஒத்திகையைத் தவிர வேற எதுவும் என்கிட்ட பேசாதீங்க."

அவள் பேசவில்லை. அந்த மனுஷனோடு பதினைந்து வருடம் சிரித்துப் பழகியது அதோடு முடிந்தது.

அரங்கில் மேடையை இரண்டு அடுக்காக அமைத்தார்கள். மேலே தங்கை, ஒரு கதவு, கீழே படி. கீழே அண்ணன் மூச்சுக்குத் திணறும்போது, மேலே தங்கை வீட்டை வாங்கப் போகிறவரோடு ஃபோனில் சிரித்துப் பேசுகிறாள். பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் இருமல்கூட வரவில்லை. சுவரொட்டியில் தந்தியின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் சேர்ந்து இருந்தன. எந்தப் பாதி யாருடையது என்று கேட்டவர்களிடம் அண்ணி, "ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்பார். ஒவ்வொரு காட்சிக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் படிக் காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நாடகம் ஐந்தாவது முறை நடந்தபோதுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து தூக்கம் வருவதாகச் சொன்னார்.

அவளுக்கும் படிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. வீட்டில் மின்விசிறி சுழன்றது. இனி இப்படியே போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாடகம் ஒன்பதாவது முறை நடந்தபோது, படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மேலே கதவைப் பார்த்துத் திரும்பினார். அப்படித் திரும்புவது நாடகத்தில் இல்லை. ஒரு கையைப் படியில் ஊன்றி எழப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இரு, வரேன்."

பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற அவள் திடுக்கிட்டாள். அது எழுதப்படாத வசனம். சபையைப் பார்த்தாள். முதல் வரிசையில் அண்ணி பாதி எழுந்து நின்றிருந்தார், முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி.

நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லை," என்றார் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா. "வாயில வந்துடுச்சு. ஏன், தப்பாப் போச்சா?"

அண்ணி அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அவர் அதைத்தான் சொன்னார். லைன் போறதுக்கு முன்னாடி. 'இரு, வரேன்.' அதை மட்டும் நான் எழுதலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. எனக்குன்னு வெச்சுக்கிட்டேன்."

"உங்ககிட்ட சொல்லியிருப்பார் அண்ணி."

"ஃபோன் ஓடிட்டிருக்குன்னு அவருக்குத் தெரியாதே."

மேடையில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யார்கிட்ட?" என்று அவள் கேட்டாள். அந்தப் படியிலிருந்து மேலே இருந்தது ஒரே கதவு. அதற்குள் இருந்தது ஒரே ஆள். போனவர், அவளிடம் திரும்பி வரத்தான் எழப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணி அவளுடைய கையை விடவில்லை.