எண்ணூற்றெட்டின் இடப்பக்கம்

யாரோ எஞ்சினைத் தொட்டிருந்தார்கள்.

பார்த்ததுமே தையல்காரருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மேசைமேல், முழங்கை நீளத்துக்கு நின்றது அந்தப் பித்தளை நீராவி எஞ்சின். அதில் அவர் முடுக்கிய திருகாணி ஒவ்வொன்றின் தலைவெட்டும் மேலும் கீழுமாக நேரே நிற்கும். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கழற்றி, அடியில் அரத்தால் லேசாகத் தேய்த்து, மறுபடி முடுக்கி, நேராகும்வரை விடமாட்டார். இப்போது காற்றுப் பம்பைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்று, தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பின்னறைக்கு யார் வந்தது?" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "யார் வருவா? நான் பெருக்கக்கூட வர்றதில்ல. வந்தா நாய் மாதிரி விழுறீங்க."

"ஸ்க்ரூ சாஞ்சிருக்கு."

"ஒரு ஸ்க்ரூ சாஞ்சா குடியா முழுகிப்போச்சு?"

முழுகித்தான் போகும் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? எண்ணூற்றெட்டு என்பது அவர் பிறப்பதற்கு முன்பே உடைத்துப் பழைய இரும்பாகப் போட்ட மலைப்பாதை எஞ்சின். அதற்கு வரைபடம் கிடையாது. பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்த ஒரே ஒரு புகைப்படம்தான் உலகத்தில் அதன் மிச்சம். பக்கவாட்டில் எடுத்த படம். எஞ்சினின் நெற்றி வலப்புறம் பார்த்திருக்கும், எஞ்சின் அறைச் சுவரில் 808 என்று எழுதியிருக்கும், முன்னால் ஓட்டுநர் ஒருவர் இடுப்பில் கைவைத்து நிற்பார். அதைச் சுவரில் மாட்டி, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு ரிவெட்டு ஆணியாக எண்ணி எண்ணி அவர் வெட்டிய பித்தளை இது. படத்தில் தெரிந்த பக்கம் பம்பு, குழாய், ஏணி என்று நிறைந்திருந்தது. தெரியாத பக்கத்தை, கற்பனை செய்வது பாவம் என்று, மொட்டையாக விட்டிருந்தார்.

இதற்கு முந்தைய எஞ்சின் என்ன ஆனது என்று வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோன இடத்தில் ஒரு சக்கரத்தின் அளவு தப்பு என்று யாரோ சொல்ல, வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தார். தப்புதான். சுத்தியலை எடுத்தவர் அது தகடாகும்வரை நிறுத்தவில்லை. அந்தத் தகடு இன்றைக்கும் கடைக் கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகிக் கிடக்கிறது.

சாய்ந்த திருகாணியைக் கழற்றினார். பம்பின் இடுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. ஊசிமுனையால் நெம்பி எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். இளஞ்சிவப்பு மெழுகு.

அந்த நிறத்து மெழுகு ஊரில் ஒருவர் வீட்டில்தான் உண்டு. பொய்ப்பல் செய்கிறவர். ரயில் மாதிரி செய்கிறவர்கள் சங்கத்தில் எல்லோரும் அவரை 'பல்செட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை நேரம் போக அவரும் மாதிரி ரயில் செய்கிறவர்தான். ஈறு செய்கிற மெழுகில் புகைபோக்கி செதுக்கி, அச்செடுத்து, பித்தளை ஊற்றி எடுத்தால் நிஜ எஞ்சினே சுருங்கி வந்த மாதிரி இருக்கும். கண்காட்சியில் வருடா வருடம் முதல் கேடயம் அவருக்கு, இரண்டாவது தையல்காரருக்கு. போதாக்குறைக்கு, போன வருடம் அவருடைய மகனுக்கே தம் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, பல்செட்டைச் சம்பந்தி ஆக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் முன்னால் சத்தமாகத் தும்மக்கூட முடியவில்லை. இருக்கிற இடத்தில் பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமே!

சம்பந்தி இந்த அறைக்கு வந்ததே இல்லை. வருகிறவள் மகள்தான். ஞாயிறுதோறும் வருவாள், அப்பாவுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள், அம்மாவோடு பேசுவாள், சாயங்காலம் போய்விடுவாள். அறைச் சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே தம்மேல் வெறுப்பாக இருந்தது. 'சீ, பாப்பா அப்படிச் செய்வாளா' என்று ஒரு மனசு சொன்னது. 'மெழுகு நடந்தா வந்தது' என்று கேட்டது இன்னொன்று. இரண்டாவது மனசின் குரல்தான் எப்போதும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே எஞ்சினை மரப்பெட்டியில் வைத்து, மூடியைக் கறுப்பு நூலால் கட்டினார். தாம் மட்டும் போடுகிற முடிச்சு, பொத்தான் தைத்து முடித்ததும் நூலைச் சுற்றி இழுக்கிற முடிச்சு. அவிழ்த்தவர்கள் அதே மாதிரி திரும்பக் கட்ட முடியாது என்று ஒரு தெம்பு.

மகள் வந்தாள். அவர் வேலைக்கு நடுவிலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்து என்ன பயன்? ஒருவர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்க வந்து கழுத்தை இறுக்குகிறது, கையைப் பிடிக்கிறது என்று ஆளையே விடவில்லை. மகள் போனதும் பின்னறைக்கு ஓடினார். பெட்டி மூடியிருந்தது. நூல் கட்டியிருந்தது. முடிச்சும் அதே முடிச்சுதான்.

மூச்சு விட்டார். பிறகு குனிந்து பார்த்தார். நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

அந்த முடிச்சை அவரிடம் கற்றவள் ஒருத்திதான். அவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றதால், அவள் போடும் முடிச்சு கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வரும். அதைச் சொல்லி எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்!

மறுநாள் கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் போனார். சொல்லிவிட்டுப் போனால் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவார்கள் அல்லவா?

"வாங்க சம்பந்தி, வாங்க!" பல்செட் வேலை மேசையிலிருந்து பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு துணியை எடுத்து மேசைமேல் போட்டார். தையல்காரர் கண்ணுக்கு அது தப்புமா? நேரே போய்த் துணியை இழுத்தார்.

வரிசையாக அடுக்கிய பொய்ப்பற்களுக்கு நடுவே, இளஞ்சிவப்பு மெழுகில் அவருடைய பம்பு. பக்கத்தில் பித்தளையில் இன்னொன்று. அவருடைய குழாய், அவருடைய ஏணி. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாமே இடம் வலம் மாறி இருந்தன.

"திருடுறதுதான் திருடுனீங்க, அதையாவது ஒழுங்கா திருடக்கூடாதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "அப்படியே தலைகீழா செஞ்சு வச்சிருக்கீங்களே!"

பல்செட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "சம்பந்தி, உக்காருங்க. டீ குடிச்சிட்டு..." என்று இழுத்தார்.

சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் இவருக்கு மிச்சமிருந்த நிதானமும் போயிற்று.

"வாம்மா. வாக்கப்பட்ட வீட்டுக்கு அப்பன் எஞ்சினையும் சீரா கொண்டு வரலாம்னு பாத்தியா? நான் கண்ணு பூத்துச் செஞ்சதை இவருக்கு அச்செடுத்துக் குடுக்கிறியா?"

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க."

"இனி என் கடை வாசப்படி ஏறாதே."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நாக்கு கொட்டியதை யார் அள்ளுவது?

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரிப்பா, ஏறல," என்றாள். "நீங்க வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவைப் பாருங்க. எஞ்சினைப் பாக்காதீங்க. அந்த டிரைவரோட சட்டையை மட்டும் பாருங்க."

வழியெல்லாம் அவருக்குச் சந்தேகம் ஆறவில்லை. சட்டையாம் சட்டை! பேச்சை மாற்றுகிறாள். அங்கே போன ஒரே வருடத்தில் என்ன சாமர்த்தியம் வந்துவிட்டது! ஒருவேளை தாம் இல்லாத நேரத்தில் போட்டோவையும் மாற்றிவிட்டார்களோ? கடையைத் திறந்ததும் விளக்கைப் போட்டு, சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். அதே படம்தான். மூலையில் அதே டீக்கறை.

பூதக்கண்ணாடியை ஓட்டுநர்மேல் வைத்தார். இத்தனை காலத்தில் அந்த மனிதரை அவர் பார்த்ததே இல்லை. உயரத்தை வைத்து எஞ்சினின் அளவைக் கணக்கிட ஒரு கம்பாகத்தான் பயன்படுத்தியிருந்தார். பருத்தித் துணிச் சட்டை. தோள் கொஞ்சம் தொங்கல். பை வலது மார்பில்.

ஒரு நிமிஷம் அவர் மூளை ஓடவில்லை. பையை வலப்பக்கம் வைத்து எந்தத் தையல்காரன் தைப்பான்? சரி, அந்த ஓட்டுநர் இடக்கைக்காரர், கேட்டுத் தைத்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் பட்டியைப் பார்த்தார். வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. பெண்கள் சட்டைக்குப் போடுகிற பட்டி.

ஆம்பளைச் சட்டைக்கு இடது மேலே, வலது கீழே. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வாழ்நாள் முழுக்க அதைத்தானே தைத்தார்? படத்தை எடுத்தவனோ அச்சடித்தவனோ பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறான். எண்ணாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எட்டையும் சைபரையும் எந்தப் பக்கம் திருப்பினால் என்ன, 808 திரும்பினாலும் 808தான். படத்தில் இருந்தது எஞ்சினின் இடப்பக்கம். அவர் அதை வலப்பக்கத்தில் கட்டியிருந்தார்.

சங்கத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களும் எஞ்சினைத்தான் பார்த்தார்கள். சட்டையைப் பார்த்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பழகிய பெண்.

சுத்தியல் வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை அதன் பக்கம் போனது உண்மைதான். போன கை, 'வாசப்படி ஏறாதே' என்று தாம் சொன்னது நினைவுக்கு வந்ததும் நின்றது. எஞ்சினை உடைக்கலாம், அந்தச் சொல்லை எதைக்கொண்டு உடைப்பது? அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

ஞாயிறு வந்தது. மகள் வரவில்லை.

"என்னங்க, பாப்பாவைக் காணோம்? போன் போட்டா 'அப்பாவைக் கேளு'ங்கிறா," என்றாள் மனைவி.

காஜா எடுக்காத சட்டைகள் குவிந்து கிடந்தன. வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். கடைசியில் எழுந்து பின்னறைக்குப் போய், மரப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கண்காட்சிக்குத் தவிர வேறெதற்கும் எஞ்சினை வெளியே எடுக்காத மனிதர். மனைவி வாயைப் பிளந்தாள்.

"எங்கேங்க?"

"சம்பந்தி வீட்டுக்கு. நீயும் வா. எனக்குத் தனியா போக முகம் இல்ல."

கதவைத் திறந்த பல்செட், பெட்டியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வேலை மேசையைத் துடைத்தார். பொய்ப்பற்களை ஒதுக்கி இடம் செய்தார். தையல்காரர் பெட்டியை வைத்துவிட்டு, "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, சம்பந்தி?" என்றார்.

"நான் எப்படிங்க சொல்றது? மாப்பிள்ளை வீட்டுக்காரன் குத்திக் காட்டுறான்னு ஆயிடாது? பாப்பாதான் சொன்னா, வெறும் தப்புன்னு சொன்னா அப்பா சுத்தியலை எடுத்துடுவாரு, மாத்த வேண்டியதைக் கையில வச்சுக்கிட்டுதான் சொல்லணும்னு. எனக்கு அது தினப்படி வேலைதானே. வலப்பக்கப் பல்லைப் பாத்து இடப்பக்கப் பல்லைச் செதுக்குறது."

மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"சட்டையைப் பாத்தேன்," என்றார் அவர்.

"ம்."

"நான் பேசினது தப்பு. அந்த வாயை என்ன பண்றதுன்னு தெரியல."

"என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. நூலைக் கட்டி வச்சுச் சோதிக்கிறதுக்குப் பதிலா." அவள் குரல் உடைந்தது. "நூலைப் பாத்ததுமே தெரிஞ்சது, அது எனக்காகத்தான்னு. இருந்தும் அவிழ்த்தேன். என் முடிச்சைப் பாத்தா நேர்ல கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் பெட்டியைத் திறந்தார். பம்பு, குழாய், ஏணி எல்லாவற்றையும் கழற்றினார். பழைய துளைகளைச் சம்பந்தி பித்தளையால் அடைத்து, அரம் போட்டு, அடையாளம் தெரியாமல் வழித்தார். மொட்டையாக இருந்த இடப்பக்கத்தில் புதிய குழாய், ஏணிக்குப் பிறகு புதிய பம்பை வைத்தபோது, அது அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்தது. தையல்காரர் திருப்புளியை எடுத்தார். பிறகு, அதை மகள் பக்கம் நீட்டினார்.

அவள் உள்ளே வந்து, இடக்கையால் வாங்கி, கடைசித் திருகாணியை முடுக்கினாள். இறுகி நின்றபோது தலைவெட்டு சாய்ந்து நின்றது. பழக்கத்தில் அவள் அதைக் கழற்றி அரத்தைத் தேடினாள்.

"விடு பாப்பா," என்றார் அவர். "அப்படியே இருக்கட்டும். நீ தொட்டிருக்கேன்னு தெரியட்டும்."