கண்ணாடியின் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை கூலிக்கு எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து வந்தது. ஜப்பானில் ஓடிய மின்சாரக் கார்களை இறக்கி விற்கும் வவுனியா வியாபாரி ஒருவர், காரோடு வரும் கைநூலின் ஆங்கிலப் பிரதியில் மூன்று அத்தியாயங்களைத் தமிழில் கேட்டார். கண்ணாடிகள், வைப்பர், குளிரும் சூடும். "எங்கட சனம் தெரியாம எதையாவது அமத்திப்போட்டு எனக்கு ஃபோன் எடுக்குதுகள். உமக்குத்தான் இங்கிலீஸ் ஓடுமே" என்றார்.

முதல் அத்தியாயம் ஓடியது. "புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளையும் உங்கள் உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளவும்." எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வைப்பரும் ஓடியது. "காய்ந்த கண்ணாடியில் வைப்பரை இயக்க வேண்டாம்." மன்னார்ப் பாலத்து உப்புக்காற்றில் கார் ஓட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அதன் சாரம் இவ்வளவுதான்: காற்றில் ஈரம் கூடிய இடங்களில் ஏசி ஓடும்போது முன்கண்ணாடி வெள்ளையாகப் பூக்கும், அந்த ஈரம் உள்ளே இல்லை, வெளியே, பழுது அல்ல, வைப்பரை ஒருதரம் ஓடவிட்டால் போய்விடும்.

சாரத்தைச் சொல்ல முடிகிறது. வாக்கியமாக எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்ப முடியவில்லை. ஏன் என்று பார்க்க ஓர் ஆளை உண்டாக்கினேன். பெயர் நிரூபன். ஊர் நறுவிலிக்குளம். மனைவியை இழந்தவன்.

2

தொடக்கங்கள்.

"விடிந்தும் விடியாத நேரத்தில் தானாக விழித்துக்கொள்ளும் கார் ஒன்று நறுவிலிக்குளத்தில் இருந்தது." பேய்க்கதை போலிருக்கிறது. வெட்டினேன்.

"தனுசியா போன பிறகும் அவளுடைய கார்" இதை முடிக்கவில்லை.

"மீள்குடியேற்றத்தின் பின்னர் மாவட்டத்தின் பெருநிலக் கிராமங்களுக்கு மின்சாரம்" இது கந்தோருக்கு எழுதும் அறிக்கை. ஆனால் இதற்குள் ஒரு பெண் நிற்கிறாள். முகாமில் ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசையில் நின்றவள். சில வருடம் கழித்து, வீட்டுத்திட்ட வீட்டின் முன்சுவரில் பிளக் பொருத்தி, அதே கையால் ஒரு காருக்குச் சார்ஜ் ஏற்றினாள். இங்கிருந்து தொடங்கலாம்.

3

நிரூபனின் மனைவி தனுசியா மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மின்சாரக் கார்களுக்கு வரி குறைந்த வருடம் அந்தக் காரை வாங்கினார்கள். திரை முழுக்க ஜப்பான் எழுத்து. அவள் அதை வாசிக்கவில்லை, உருவத்தை வைத்துப் பாடமாக்கினாள். "மீன்முள்ளு மாதிரிக் கிடக்கிறதை அமத்த வேணும். பிறகு கதவில்லாத வீடு மாதிரி ஒண்டு வரும். அதை அமத்தினால் ஏசி." நிரூபனுக்கு மீன்முள்ளும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. அவன் வங்கி வேலைக்கு மோட்டார்சைக்கிளில் போகிறவன்.

முதல் கிழமையே பாலத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். இருக்கை கொதிக்கிறது. பள்ளிமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன்காரர்கள் சைக்கிள்களை நிறுத்தினார்கள்.

"என்ன ரீச்சர், பற்றறி பத்திப்போட்டுதோ?"

"தெரியேல்ல அண்ணை. சீற் சுடுது."

ஒருவர் கையை வைத்துப் பார்த்தார். "நல்ல சூடுதான். ரீச்சர், இதை எங்களிட்டத் தந்திட்டுப் போங்கோ. கருவாடு போடலாம்."

குளிர் நாட்டுக்காரருக்காக வைத்த இருக்கைச் சூடு அது. அவளுடைய கைப்பை சுவிச்சில் இடித்திருக்கிறது. அன்று மாலை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு இன்னொன்று கண்டுபிடித்தாள். பிளக்கில் கிடக்கும்போது, குறித்த நேரத்தில் கார் தானாக ஏசியைப் போட்டுக்கொள்ளும். அவள் சேலை கட்டி முடித்து வருவதற்குள் உள்ளே குளிர்ந்திருக்கும். நேரத்தைப் பதிந்து வைத்தாள். அதற்கு முன்பே நிரூபன் வங்கிக்குப் புறப்பட்டுவிடுவான். ஆகவே கார் விழிப்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. குளிரில் கண்ணாடி பூப்பதையும், அவள் அதை என்ன செய்தாள் என்பதையும் பார்த்ததில்லை.

காய்ச்சல் வந்த அன்றும் அவள் சிரித்தாள். "ஆரோ சீற் சுவிச்சைப் போட்டிட்டினம் போல கிடக்கு." ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பியது வேறு வாகனத்தில்.

இதை இதற்கு மேல் எழுத மாட்டேன்.

4

எட்டுச் செலவுச் சடங்கெல்லாம் முடிந்து உறவினர் போன பிறகு ஒரு காலை. முற்றத்தில் மெல்லிய இரைச்சல் கேட்டது. நிரூபன் வெளியே வந்தான். காருக்குள் ஒரு சின்ன வெளிச்சம். ஆள் இல்லை. பார்த்துக்கொண்டிருக்க, முன்கண்ணாடி கீழ்விளிம்பிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முழுவதும் வெள்ளை. மூடிய காருக்குள் யாரோ நெடுநேரம் இருந்து மூச்சு விட்டதைப் போல.

தனுசியாவின் தாய் வசந்தமலர் கையில் விளக்குமாறோடு பக்கத்தில் வந்து நின்றாள். மகள் போனபின் அவளும் அந்த வீட்டில்தான்.

"தம்பி, உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மாமி."

"அப்ப இந்த மூச்சு?"

மாமி திரும்பிப்போய்க் கூட்டினாள். காரைச் சுற்றிமட்டும் கூட்டவில்லை.

அன்று மாலை அவன் பிளக்கைக் கழற்றியிருக்கலாம். பிளக் இல்லாவிட்டால் கார் தானாக விழிக்காது. காரை யாரும் ஓட்டவில்லை, சார்ஜ் தேவையில்லை. அவன் பிளக்கை இன்னும் இறுக்கமாகச் செருகினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வங்கிக்குப் பிந்தித்தான் போனான். மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்காரனிடம் கொஞ்சக் காலம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அவன் காரைத் தொட்டதும் இல்லை. இருக்கை அவள் இழுத்துவைத்த இடத்தில். கண்ணாடிகள் அவள் திருப்பிய திருப்பில். வெளுத்த முன்கண்ணாடியில் விரல் படவிட்டதில்லை. நான் சுவரோரம் நின்று பார்ப்பேன், வெயில் ஏறும், வெள்ளை கரையும், பிறகு

[மேலே "நான்" என்று விழுந்துவிட்டது. அவன் என்று வாசிக்கவும்.]

5

இந்த ஆளில் எனக்கு ஒரு சந்தேகம்.

நிரூபன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பௌதிகம் படித்தவனுக்கு, குளிர்ந்த கண்ணாடியில் எந்தப் பக்கத்துக் காற்று ஈரத்தை விடும் என்று தெரியாதா? தெரியும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் தினமும் நின்று எதைப் பார்க்கிறான்?*

அவனை வர்த்தகம் படித்தவனாக மாற்றிப் பார்த்தேன். கதை பொய்யானது. திரும்பப் பௌதிகமே கொடுத்தேன்.

* ஒரு விசயம் தெரிவதும் அதைத் தொட்டுப்பார்ப்பதும் ஒன்றல்ல என்று ஒரு வரி எழுதினேன். அழகாக இருந்தது. அதனால் நம்பிக்கை வரவில்லை. விரலை வைத்தால் நனையும். நனைந்தால் வெளியே. வெளியே என்றால் உள்ளே யாரும் இல்லை. அவனுக்குத் தினமும் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும். இவ்வளவுதான் அவனிடம் மிச்சம் இருப்பது. கதை இதற்கு மேல் எதையும் பணயம் வைக்கவில்லை.

6

சிலாவத்துறையிலிருந்து நௌபர் என்பவர் ஃபோன் எடுத்தார். கார் சும்மா நிற்பதாகக் கராஜில் கேள்விப்பட்டாராம். மனைவி ஹுஸ்னியா மன்னார் ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. "பாலத்துக் காத்து இவட ஸ்கூட்டியக் கடலுக்குள்ள தள்ளப் பாக்குது தம்பி. வேலைக்குப் போற வழியில ஒருக்கா வந்து பாக்கலாமா?"

"வாங்கோ" என்றான் நிரூபன். ஏன் சொன்னான் என்று அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

"விக்கப் போறீங்களோ?" என்று மாமி கேட்டாள்.

"பாக்கத்தான் வருகினம்."

"பாக்கிறதெண்டால் பாக்கட்டும்" என்றாள். குரலில் சம்மதமா கோபமா என்று பிடிபடவில்லை.

அவர்கள் வந்து இறங்கவும் கார் விழிக்கவும் சரியாக இருந்தது. நௌபர் பெரிய உடம்புக்காரர். "மாஷா அல்லாஹ், எங்களக் கண்டதும் முழிக்குது!" என்று சிரித்தபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். முழங்கால் ஸ்ரேறிங்கில் இடித்தது.

"தம்பி, இது ஆருக்கு வச்ச கண்ணாடி? பின்னால வாறவன் தெரியல்ல. இதில பின்சீற்றும் அதில சில்லும்தான் தெரியுது." கை உள்கண்ணாடிக்குப் போனது.

"அதைத் தொடாதேங்கோ."

"ஆ?"

"கண்ணாடியை மாத்தாதேங்கோ. சீற்றையும்."

நௌபர் கையை அந்தரத்தில் வைத்தபடி அவனைப் பார்த்தார். "அப்ப நான் முழங்காலத்தான் மாத்தணும்."

"முழங்காலை இல்ல, வயித்தை" என்றாள் வெளியே நின்ற ஹுஸ்னியா. "இறங்குங்க. ஓட்டப்போறது நானா நீங்களா?"

அவர் இறங்கி, நிரூபனுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்தார். "உங்கட வீட்டுக்காரிர கார் எண்டு கராஜில சொன்னாங்க."

"ஓம்."

"புத்தளம் அகதி முகாமில இருந்து திரும்பி வரக்குள்ள எங்கட வீட்டில மிச்சம் ஒரு சுவர், அதில ஒரு ஆணி. உம்மா முகம் பாக்கிற கண்ணாடி தொங்கின ஆணி. மேசன் புடுங்கப் போனான், உம்மா விடல்ல." பிறகு, "இப்ப அதில என்ட சேர்ட் தொங்குது" என்றார்.

[இதைக் கேட்டு நிரூபனுக்குத் தெளிவு வந்ததாக எழுதினால் கதை சுகமாக முடியும். அவனுக்குத் தெளிவு வரவில்லை. அந்தச் சேர்ட் என்ன நிறம் என்றுதான் யோசித்தான்.]

ஹுஸ்னியா ஏறிக் கதவைச் சாத்தினாள். சின்ன உருவம். பெடலுக்குக் கால் எட்டியது. உள்கண்ணாடியைப் பார்த்தாள், வலது கண்ணாடியைப் பார்த்தாள், இடது கண்ணாடியைப் பார்த்தாள். கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருக்குது. ஒண்டையும் மாத்தத் தேவையில்ல."

நிரூபன் சுவரோரம் போய் நின்றான். ஆறுதலாக இருந்ததா, களவு போனது போல இருந்ததா, பிரிக்க முடியவில்லை. இத்தனை நாளாக அந்த மூன்று கண்ணாடிகளும் ஒரே ஒரு ஆளின் கண்ணுக்கு முன்னால்தான் ஒன்றுசேரும் என்று நினைத்திருந்தான். உயரம் ஒத்துப்போனால் போதும் போலிருக்கிறது.

அப்போது முன்கண்ணாடி வெளுக்கத் தொடங்கியது. முதலில் ஸ்ரேறிங்கில் இருந்த அவள் கைகள் மறைந்தன. பிறகு வெள்ளைச் சீருடை. பிறகு முக்காட்டின் விளிம்பு. கடைசியில், வெள்ளைக்குப் பின்னால், ஓட்டுநர் இடத்தில், அளவான உயரத்தில் ஒரு நிழல்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. வைப்பர் ஒருதரம் போய்வருகிறது. கண்ணாடி துப்புரவாகிறது. பின்னால் ஹுஸ்னியா, சிலாவத்துறை, மருத்துவிச்சி. நிரூபன் கார்த் திறப்பின் இரண்டாவது பிரதியையும் கொடுக்கிறான். நான் மொழிபெயர்ப்பை அனுப்புகிறேன். எல்லோரும் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இதில் உள்ள குறை.

ஆ. நிரூபன் "விக்கிறதில்லை" என்கிறான். அவர்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள். அடுத்த காலை கார் விழிக்கிறது. இது முடிவு அல்ல, நேற்று.

இ. மாமி முன்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வருகிறாள். வெளிப்பக்கத்தை ஒரே இழுப்பில் துடைக்கிறாள். "எனக்குத் தெரியும் தம்பி. நீங்கள் எழும்பி வரப் பிந்தின நாளில எல்லாம் நான்தான் இதைத் துடைச்சனான். நீங்கள் நம்பிக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு பேசாமல் இருந்தனான்."

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. வாசித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். மாமி அடுப்படியில் இருந்தா. காட்டவில்லை. மாமி அப்படி எதுவும் சொன்னதும் இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஒருவேளை அவ நான் நம்புகிறேன் என்று பேசாமல் இருக்கிறா. நான் அவ நம்புகிறா என்று பேசாமல் இருக்கிறேன். காரைச் சுற்றி மட்டும் யாரும் கூட்டுவதில்லை.

[இந்தப் பந்தியில் யாருடைய மாமி என்று கேட்க வேண்டாம்.]

8

ஆகவே முடிவை எழுதவில்லை. எழுதக்கூடியது இவ்வளவுதான்.

விடிந்துவிட்டது. பிளக் சுவரில் இருக்கிறது. நௌபர் பாலத்துக் காற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமி வாசலில் விளக்குமாறோடு நிற்கிறா. கண்ணாடி முழுக்க வெள்ளை. ஈரம் எந்தப் பக்கம் என்று கைநூலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் இன்று ஒன்று வேறு. இத்தனை காலைகளில் முதன்முறையாக, அந்த வெள்ளைக்குப் பின்னால் உண்மையாகவே ஒருத்தி மூச்சு விடுகிறாள்.

அவளுக்கு நேரமாகிறது. வார்டில் யாரோ வலியோடு காத்திருப்பார்கள். அவள் கை ஸ்ரேறிங்கின் பக்கத்தில் இருக்கும் வைப்பர்த் தண்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பிடித்துக்கொள்கிறது. உடனே இழுக்கவில்லை. கண்ணாடியைத் தொடாதேங்கோ என்று இந்த வீட்டில் ஒருவன் சொன்னதைக் கேட்டவள் அவள்.

நிரூபன் வாயைத் திறக்கிறான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. சுவரோரம் கொஞ்சம் இடம் இருக்கிறது. வந்து நில்லுங்கள். இறக்கிவிட்ட கதவுக் கண்ணாடி வழியாக அவள் குரல் வருகிறது.

"ஒண்டும் தெரியல்ல தம்பி. துடைக்கட்டா?"